வேலி தாண்டிய மூங்கில்: பக்கத்து வீட்டிலிருந்து கடிதம் வந்துவிட்டது, இனி என்ன?

தெற்கு லண்டனில் வசிக்கும் ஒரு வாசகி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் தருகிறேன்.

2018இல் வீடு வாங்கியிருக்கிறார்கள். பின்னால் புதிதாக எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் ஜன்னல்கள் நேராக இவர்கள் தோட்டத்தைப் பார்க்கின்றன. மறைப்புக்காக 2019 வசந்தத்தில் வேலியோரமாக மூன்று மூங்கில் கன்றுகளைத் தரையில் நட்டார். இன்னும் இரண்டைத் தொட்டியில் வைத்தார். லேபிளில் இருந்த பெயர் பைலோஸ்டாகிஸ் ஆரியா. “புதராக வளரும்” என்றும் அதில் போட்டிருந்ததாம். மூன்று வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம் புல்தரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குருத்து எட்டிப் பார்த்தது. போன வருஷம் மே மாதம், பக்கத்து வீட்டுப் பெரியவரின் கல் தளத்தில் இரண்டு கற்களுக்கு நடுவே ஒரு குருத்து கிளம்பியது. அவர் வேலிக்கு மேலாக ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். இந்த வருஷம் ஏழெட்டுக் குருத்துகள். போன வாரம் படங்களோடு கடிதம் வந்துவிட்டது: 14 நாளில் பதில் வேண்டும், தளத்தைப் பெயர்த்துச் சரிசெய்ய 4,800 பவுண்டு வேண்டும், இல்லையென்றால் நீதிமன்றம்.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். “பதில் போட்டால் தப்பை ஒத்துக்கொண்டதாகிவிடும், பேசாமல் இரு” என்கிறார் கணவர். மூங்கில் ஒரு புல், அதற்குச் சட்டமே கிடையாது என்கிறார் மைத்துனர். உப்பும் டீசலும் ஊற்றினால் ஒரே வாரத்தில் கருகிவிடும் என்கிறார் சித்தப்பா. இரண்டு வருஷத்தில் வீட்டை விற்கும் எண்ணமும் இருக்கிறது. ஊரிலிருந்து வந்து இவர்களோடு தங்கியிருக்கும் அம்மாவுக்கு அந்த மூங்கில் ஓரம்தான் பகல் பொழுது போகும் இடம். “மூங்கிலை அடியோடு எடுத்தே ஆகவேண்டுமா? எங்களைக் கோர்ட்டுக்கு இழுக்க முடியுமா?” என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களைக் கோர்ட்டுக்கு இழுக்க முடியும். ஆனால் இன்றைய நிலையில் அது நடக்காமல் தடுப்பது பெரும்பாலும் உங்கள் கையில்தான் இருக்கிறது. சொத்துத் தகராறுகளைப் பார்க்கும் வழக்கறிஞராகச் சொல்கிறேன், இந்த மாதிரி விஷயங்கள் பெரிதாவதற்குக் காரணம் செடி இல்லை. முதல் கடிதம் வந்த பிறகும் பதில் போடாமல் கழிந்த மாதங்கள்தான் காரணம். கீழே நான் சொல்லும் சட்டம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும்.

நீங்கள் வேண்டுமென்றே யாருக்கும் கெடுதல் செய்யவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். “எங்கள் ஊரில் மூங்கில் ஐம்பது வருஷமானாலும் நட்ட இடத்திலேயே நிற்கும், இது மட்டும் ஏன் இப்படி?” என்று கேட்டிருக்கிறீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் நீங்கள் பார்த்து வளர்ந்த முள்மூங்கிலும் கல்மூங்கிலும் புதர் மூங்கில் வகை. அவற்றின் நிலத்தடித் தண்டு இஞ்சி போலக் குட்டையாக, தடித்து, மேல்நோக்கி வளைந்து கழியாகிவிடும். தூர் வருஷத்துக்குக் கொஞ்சம் பருக்குமே தவிர, ஊர்ந்து போகாது. நீங்கள் இங்கே நட்டது சீனாவைச் சேர்ந்த வேறொரு இனம். அதன் நிலத்தடித் தண்டு மெலிந்து, நீண்டு, தரைக்குக் கீழே கிடைமட்டமாக ஓடும். ஒவ்வொரு கணுவிலும் ஒரு முகை உண்டு, அதிலிருந்து எங்கே வேண்டுமானாலும் கழி கிளம்பலாம். இங்கிலாந்துக் குளிரில் இந்த இனம் முதல் சில வருஷம் அடக்கமாக இருப்பது வழக்கம். வேர் நன்றாக ஊன்றி, கோடையும் சூடாக அமைந்தால் ஓடத் தொடங்கிவிடும். அந்த லேபிளை எழுதியவர்கள் முதல் சில வருஷத்தை மட்டும் மனதில் வைத்து எழுதியிருக்கலாம். ஊரில் பார்த்த அனுபவத்தை நம்பி நட்டதற்காக உங்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நட்டவர் அறியாமல் செய்தார் என்பது, அறிந்த பிறகு சும்மா இருந்ததற்குச் சமாதானம் ஆகாது. சட்டமும் இதைத்தான் பார்க்கிறது.

மைத்துனர் சொன்னது பாதி சரி

மூங்கில் புல் இனம்தான். அதனால் 2003ஆம் ஆண்டின் உயர்ந்த வேலிச்செடிகள் பற்றிய சட்டப்பிரிவு அதற்குப் பொருந்தாது. உயரத்தைக் காரணம் காட்டி உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அந்தப் பிரிவில் கவுன்சிலுக்குப் போக முடியாது. வேகமாகப் பரவும் ஜப்பான் நாட்வீட் போன்ற களைச்செடிகள் இருக்கும் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையிலும் இந்த மூங்கில் இல்லை. ஆக, மூங்கில் வளர்ப்பது குற்றமல்ல.

ஆனால் அவர் உங்கள் மேல் போடக்கூடியது குற்ற வழக்கு இல்லை, உரிமையியல் வழக்கு. ஒருவருடைய நிலத்திலிருந்து கிளம்பி இன்னொருவர் நிலத்துக்குள் நுழைந்து, அவர் அதை நிம்மதியாக அனுபவிக்க முடியாமல் செய்வதைச் சட்டம் “தொல்லை” என்கிறது. செடி எந்த இனம் என்பது அங்கே கேள்வியே இல்லை. சவுத் வேல்ஸில் மைஸ்டெக் ஊரில் ரயில் பாதைக் கரையிலிருந்து நாட்வீட் பரவி, இரண்டு பங்களா வீடுகளின் நிலத்துக்குள் போன வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் தீர்ப்புச் சொன்னது. கட்டடத்தில் விரிசல் விழும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, நிலத்தடித் தண்டு நுழைந்து நிலத்தின் பயன்பாட்டைக் கெடுத்தாலே தொல்லைதான் என்றது. வீட்டின் விலை குறைந்தது என்பது மட்டும் தனியே வழக்குக்குப் போதாது என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. இந்த இரண்டாவது பகுதி உங்களுக்குச் சாதகமானது, ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கவுன்சிலுக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. 2014ஆம் ஆண்டின் சமூக விரோத நடத்தைச் சட்டத்தின் கீழ், அக்கம்பக்கத்தாரின் வாழ்க்கையைத் தொடர்ந்து கெடுக்கும் செயலை நிறுத்தச் சொல்லி கவுன்சில் நோட்டீஸ் தரலாம். அதை மீறினால் அது குற்றம். நீதிமன்றத்தில் தனிநபருக்கு 2,500 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம். இரண்டு வீட்டுக்கு நடுவிலான மூங்கிலுக்கு இந்த ஆயுதத்தை எடுக்கக் கவுன்சில்கள் தயங்கும். அதற்காக அது இல்லவே இல்லை என்று எண்ண வேண்டாம்.

கணவர் சொன்னபடி மௌனமாக இருந்தால்

உங்கள் கணவரின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த விஷயத்தில் அவர் யோசனை ஆபத்தானது. லண்டன் மைடா வேலில் ஒரு கவுன்சிலின் சாலையோர மரத்தின் வேர்கள் பக்கத்து அடுக்குமாடிக் கட்டடத்தைப் பாதித்த வழக்கில், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 2001இல் ஒரு கோட்பாட்டை நிலைநிறுத்தியது. விஷயம் உரிமையாளர் காதுக்கு வந்து, சரிசெய்ய நியாயமான அவகாசமும் கிடைத்து, அதன் பிறகும் அவர் சும்மா இருந்தால், பாதிக்கப்பட்டவர் நியாயமாகச் செலவழித்த தொகையை அவர்தான் தரவேண்டும். அஸ்திவாரத்தைப் பலப்படுத்திய செலவாக அந்தக் கவுன்சில் கொடுக்க நேர்ந்தது 5,70,000 பவுண்டுக்கும் மேல். மரத்தை நேரத்தோடு எடுத்திருந்தால் செலவு அதில் ஒரு சிறு பங்குதான் ஆகியிருக்கும்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் உங்களுக்கு அனுப்பியிருப்பது அந்த “காதுக்கு வந்த” ஆதாரம். போன வருஷம் வேலிக்கு மேலாகச் சொன்னதையும் அவர் கணக்கில் எடுத்துக்கொள்வார். இனி நீங்கள் சும்மா இருக்கும் ஒவ்வொரு மாதமும் அவர் பக்கத்தைத்தான் பலப்படுத்தும்.

பதில் போடுவதும் தப்பை ஒத்துக்கொள்வதும் ஒன்றல்ல. “உங்கள் கடிதம் கிடைத்தது, செடியை அகற்றும் வேலையைத் தொடங்குகிறோம், நேரில் பார்க்க ஒரு நாள் சொல்லுங்கள்” என்று எழுதினால் அதில் பண ஒப்புதல் எதுவும் இல்லை. தொகையைப் பற்றிப் பேசும் கடிதத்தின் தலைப்பில் மட்டும் “உரிமைகளுக்குப் பாதகமின்றி” என்ற பொருள் தரும் “without prejudice” என்ற வழக்கமான சட்ட வாசகத்தைப் போடுங்கள். சமரச முயற்சியாக அதில் நீங்கள் சொன்னதைப் பிறகு பொதுவாக உங்களுக்கு எதிராகக் காட்ட முடியாது.

இதையெல்லாம் அனுப்பும் முன் வீட்டு இன்சூரன்ஸ் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். மெல்ல மெல்ல நிகழும் சேதத்தைப் பெரும்பாலான பாலிசிகள் ஏற்பதில்லை. ஆனால் வீட்டு உரிமையாளராக மற்றவருக்கு நீங்கள் தரவேண்டியிருக்கும் இழப்பீட்டுக்கும், வழக்குச் செலவுக்கும் தனிப் பிரிவுகள் இருக்கலாம். அவர்களுக்குச் சொல்லாமல் நீங்களாக ஒரு தொகையை ஒப்புக்கொண்டால் அந்தப் பாதுகாப்பு கைவிட்டுப் போகலாம். போன் போட்டுத் தகவல் சொல்லிவிட்டு, அப்புறம் பணப் பேச்சுக்குப் போங்கள்.

4,800 பவுண்டை அப்படியே கொடுத்துவிட வேண்டியதும் இல்லை. மூங்கில் நல்ல கான்கிரீட்டை உடைத்துக்கொண்டு வருவதில்லை. இணைப்பு, இடுக்கு, பழைய விரிசல் பார்த்துத்தான் கிளம்பும். ஏழெட்டு இடத்தில் கல்லைத் தூக்கித் தண்டை எடுத்துவிட்டு அதே கற்களைத் திரும்பப் பதித்தால் போதுமா, முழுத் தளத்தையும் பெயர்க்க வேண்டுமா என்பதை இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு நிபுணர் பார்த்துச் சொல்லட்டும். பழைய தளத்துக்குப் பதில் புத்தம்புதுத் தளம் போட்டுக்கொள்ள அவருக்கு உரிமையில்லை. அவர் இருந்த நிலைக்குத் திரும்பினால் போதும். பேச்சு முறிந்தாலும், 10,000 பவுண்டுக்குள் இருக்கும் பண உரிமைக்கோரிக்கை வழக்கமாகச் சிறு வழக்குப் பிரிவுக்குத்தான் போகும். அங்கே எதிர்த்தரப்பின் வழக்கறிஞர் கட்டணம் பொதுவாக உங்கள் தலையில் விழாது. 2024 மே மாதத்திலிருந்து, இந்த அளவிலான சாதாரணப் பணக் கோரிக்கைகளில் விசாரணைக்கு முன்பே இலவசத் தொலைபேசிச் சமரசமும் கட்டாயமாகியிருக்கிறது. செடியை அகற்ற உத்தரவிடும்படி கேட்டு வழக்குப் போட்டாலோ கதை வேறு, செலவு ஏறிவிடும். வேலையை நீங்களாகவே தொடங்கிவிட்டால் அந்தக் கோரிக்கைக்கு அவசியமே இருக்காது.

அவருக்கு இன்னோர் உரிமையும் உண்டு. எல்லை தாண்டி வந்த குருத்தையும் தண்டையும் தன் பக்கத்தில் அவரே வெட்டிக்கொள்ளலாம், உங்களைக் கேட்க வேண்டியதில்லை. உங்கள் நிலத்துக்குள் கால் வைக்கத்தான் அனுமதி வேண்டும். “வெட்டிக்கொள்ளட்டுமே, அது அவர் வேலை” என்று நீங்கள் எழுதியிருப்பது சரியில்லை. வெட்டும் உரிமை அவருடையது, வெட்டும் கடமை அவருடையதல்ல.

உப்பும் டீசலும் வேண்டவே வேண்டாம்

சித்தப்பா நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் களைக்கொல்லியாக அனுமதி பெறாத பொருளை அதற்காகப் பயன்படுத்துவது இந்த நாட்டில் சட்டத்துக்குப் புறம்பானது. டீசல் மண்ணில் இறங்கிப் பக்கத்து வீட்டுப் பெரியவரின் நிலத்துக்கோ வடிகாலுக்கோ போனால், மூங்கில் தகராறு மாசுபடுத்திய வழக்காக மாறிவிடும். அதற்குப் பின்னும் மூங்கில் சாகாது. மேலே இருப்பது கருகும், கீழே இருக்கும் முகைகள் அடுத்த வசந்தத்தில் தள்ளும். கடையில் கிடைக்கும் கிளைபோசேட் மருந்து கொஞ்சம் உதவும். எல்லாக் கழிகளையும் தரைமட்டமாக வெட்டிவிட்டு, திரும்பத் துளிர்க்கும் இலைகளில் அடிக்கவேண்டும். ஒரு தடவையில் முடியாது, மூங்கில் இதற்கு நன்றாகவே தாக்குப்பிடிக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் மட்டும் அவர் அனுமதி இல்லாமல் ஒரு சொட்டும் விழக்கூடாது.

மண்ணுக்குக் கீழே செய்யவேண்டியது

முதல் வேலை, இந்த இலையுதிர்காலத்திலேயே, உங்கள் பக்கத்தில் வேலியோரமாக ஒரு குழி வெட்டுவது. மண்வெட்டி அகலம், 30 முதல் 40 சென்டிமீட்டர் ஆழம் இருந்தால் பெரும்பாலான தண்டுகள் கண்ணில் படும். ஓடும் மூங்கிலின் தண்டுகள் மேல்மண்ணில்தான் பயணம் போகும். மஞ்சள் கலந்த வெள்ளையில், விரல் பருமனில், நெருக்கமான கணுக்களோடு இருக்கும். நுனி கூர்மையாக, கெட்டியாக இருக்கும். தோட்டத்தில் விரிக்கும் சாதாரணக் களைத்தடுப்புத் துணியை அந்த நுனி எளிதாகக் குத்திக்கொண்டு போய்விடும். அதை நம்பிப் பணம் செலவழிக்காதீர்கள். கண்ணில் பட்ட ஒவ்வொரு தண்டையும் கிளை வெட்டும் கத்தரியால் துண்டித்து, எந்தத் திசையில் போகிறதென்று ஒரு குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எப்போது செயலில் இறங்கினீர்கள் என்பதற்கு அதுதான் சான்று.

துண்டித்ததோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட துண்டு தாய்ச்செடியிலிருந்து பிரிந்தாலும் தன் முகைகளோடு உயிரோடு இருக்கும். அதையும் தோண்டி எடுத்தால்தான் பெரியவரின் தொல்லை தீரும். அதற்கு அவருடைய எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும். மூங்கில் அகற்றிப் பழக்கமுள்ள ஆட்களை உங்கள் செலவில் அனுப்புகிறோம் என்று சொல்வது, என் கணிப்பில், 4,800 பவுண்டுப் பேச்சையே தணித்துவிடக்கூடிய ஒரே வாக்கியம்.

அதற்குப் பின் உங்கள் முன் இருப்பவை இரண்டு வழிகள்.

ஒன்று, தடுப்புச் சுவர். அடர்த்தியான பாலித்தீனில் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் தடிமனில் வேர்த்தடுப்புத் தகடு கிடைக்கும். குறைந்தது 60 சென்டிமீட்டர் ஆழம் வேண்டும், அதற்கு மேல் போவது நல்லது. மேல் விளிம்பு தரைக்கு மேலே 5 சென்டிமீட்டராவது தெரியவேண்டும். தண்டு தடுப்பில் முட்டினால் மேலே ஏறித் தாண்டப் பார்க்கும், விளிம்பு தெரிந்தால்தான் நீங்கள் பார்த்து வெட்ட முடியும். தகட்டின் மேற்பகுதி செடியை விட்டு வெளிப்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருந்தால் தண்டு கீழே நுழையாமல் மேல்நோக்கித் திரும்பும். இரண்டு முனைகளும் சேரும் இணைப்புதான் இதில் பலவீனமான இடம். அங்கே உலோகப் பட்டை வைத்து முடுக்கவேண்டும், ஒட்டுநாடா மட்டும் தாங்காது. இவ்வளவு செய்தாலும் ஆண்டுதோறும் இலையுதிர்காலத்தில் சுற்றி வந்து பார்த்தாக வேண்டும். தடுப்பு மூங்கிலை நிறுத்தாது, அது ஓடுவதை உங்கள் கண்ணுக்குக் காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான்.

குழி தோண்டுமுன் ஒரு எச்சரிக்கை. பெரியவரின் கண்ணாடி அறை உங்கள் வேலியை ஒட்டியே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கத்துக் கட்டடத்திலிருந்து 3 மீட்டருக்குள், அதன் அஸ்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டினால் 1996ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டப்படி முன்கூட்டியே எழுத்தில் அறிவிப்புக் கொடுக்கவேண்டும். பழைய வீடுகளுக்கும் இணைப்பு அறைகளுக்கும் அஸ்திவாரம் ஆழமில்லாமல் இருப்பது சகஜம். 70 சென்டிமீட்டர் குழியே அதைத் தாண்டிவிடலாம். சரிபார்த்துவிட்டுத் தோண்டுங்கள். எரிவாயு, மின்சாரம், தண்ணீர்க் குழாய்கள் எங்கே போகின்றன என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வழி, முழுதாக அகற்றுவது. தூரோடு தோண்டி, தண்டுகளைப் பின்தொடர்ந்து எடுத்து, அடுத்த இரண்டு மூன்று வசந்தங்களுக்கு முளைக்கும் ஒவ்வொரு குருத்தையும் உடனுக்குடன் வெட்டிக்கொண்டே இருப்பது. ஏப்ரலிலிருந்து ஜூன் வரை கண்காணிப்பு வேண்டும். இலை விட விடாமல் வெட்டினால் நிலத்தடிச் சேமிப்பு தீர்ந்து செடி ஓயும்.

அந்த இரண்டு தொட்டிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அவை மண் மேலேயே இருக்கின்றன என்று படத்தில் தெரிகிறது. தொட்டியைச் சாய்த்து அடியைப் பாருங்கள். வடிகால் துளை வழியாகத் தண்டு மண்ணுக்குள் இறங்கியிருந்தால், அதுவும் தரையில் நட்ட மூங்கில்தான். இறங்கியதை வெட்டிவிட்டு, தொட்டியைக் கல் தரையில், அடியில் கால்கள் கொடுத்து உயர்த்தி வையுங்கள்.

வெட்டிய தண்டுகளை உரக்குழியில் போடாதீர்கள், அங்கேயே முளைக்கும். கவுன்சில் எப்படி எடுத்துக்கொள்ளும் என்று கேளுங்கள். ஆள் வைத்து ஏற்றி அனுப்பினால் அவர் பதிவு பெற்ற கழிவு ஏற்றிச் செல்பவரா என்று பாருங்கள். அவர் எங்காவது சாலையோரம் கொட்டிவிட்டால், சரிபார்க்காத குற்றத்துக்கு உங்களைத் தேடி வருவார்கள்.

வீட்டை விற்பது பற்றி

விற்பவர் நிரப்பும் சொத்துத் தகவல் படிவத்தில் நாட்வீட் பற்றிப் பெயர் சொல்லியே கேள்வி இருக்கிறது. “மூங்கிலைக் கேட்கவில்லையே, சொல்ல வேண்டாம்தானே?” என்கிறீர்கள். அதே படிவத்தில் பக்கத்து வீட்டாரோடு தகராறு உண்டா, ஏதும் கடிதம் வந்ததா என்றும் கேட்பார்கள். இப்போது உங்கள் மேஜையில் இருக்கும் கடிதத்தை அங்கே சொல்லித்தான் ஆகவேண்டும். மறைத்தால், வாங்கியவர் பிறகு தவறான தகவல் தந்ததாக வழக்குப் போடலாம். நாட்வீட் இல்லை என்று பதில் எழுதிய லண்டன் வீட்டுக்காரர் ஒருவர் 2023இல் இழப்பீடும் வழக்குச் செலவுமாக 2 லட்சம் பவுண்டுக்கு மேல் சுமக்க நேர்ந்தது. “தகராறு வந்தது, இந்தத் தேதியில் இப்படி அகற்றினோம், பக்கத்து வீட்டுக்காரர் எழுத்தில் ஒப்புக்கொண்டார்” என்று ரசீதுகளோடு சொன்னால், வாங்குபவரின் வழக்கறிஞர் இன்னும் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு மேலே போய்விடுவார்.

இதனால்தான், விற்கும் எண்ணம் இருக்கும்வரை, தடுப்பு போட்டு வைத்துக்கொள்வதைவிட வேலியோர மூங்கிலை முழுதாக எடுத்துவிடுவதே நல்லது என்பது என் தீர்மானமான கருத்து. தடுப்பு என்பது பராமரிப்பவர் இருக்கும்வரைதான் தடுப்பு. புதிதாக வருபவர் சுற்றிப் பார்ப்பார் என்பதற்கு என்ன உறுதி?

அம்மாவை நினைத்துத்தான் உங்களுக்கு மனம் வரவில்லை என்று புரிகிறது. அவருக்கு மூங்கிலே இல்லாமல் போகவேண்டியதில்லை. ஃபார்கேசியா என்ற குளிர்நாட்டு இனம் உண்மையாகவே புதராக வளர்வது, ஓடாது. ஃபார்கேசியா ரோபஸ்டா போன்றவை மூன்று நான்கு மீட்டர் உயரம் வரை வந்து, குளிர்காலத்திலும் இலையோடு நிற்கும். அடர்த்தியாகச் சில வருஷம் ஆகும், ஆகவே கொஞ்சம் பெரிய கன்றாக, வேலியிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி நடுங்கள். கடைக்காரரிடம் “புதர் மூங்கிலா?” என்று கேட்டு வாங்காதீர்கள், தாவரப் பெயரைக் கேட்டு வாங்குங்கள். பைலோஸ்டாகிஸ், சாசா, பிளியோபிளாஸ்டஸ் என்று தொடங்கும் எதுவும் வேண்டாம். மறைப்புக்காக வேலியை உயர்த்த நினைத்தால், 2 மீட்டருக்கு மேல் போனால் திட்ட அனுமதி வேண்டும், மேலே பொருத்தும் தட்டியும் அந்த அளவில் சேரும்.

14 நாளில் இன்னும் ஒரு வாரம் மிச்சம் இருக்கிறது. இன்சூரன்ஸுக்கு நாளைக்கே பேசுங்கள். அப்புறம் கடிதத்தைத் தபாலில் போடாமல் நீங்களும் கணவருமாக நேரில் கொண்டுபோய்ப் பெரியவர் கையில் கொடுங்கள். ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று விஷயம் போதும்: குழி வெட்டும் வேலை எந்தத் தேதியில் தொடங்குகிறது, அவர் பக்கத்துத் தண்டுகளை எடுக்க எப்போது ஆள் வரலாம், தளத்தைப் பார்க்கப் பொது நிபுணராக யாரை அவர் ஒப்புக்கொள்வார். தொகையைப் பற்றி அன்றைக்குப் பேசவேண்டாம். அவர் கோபமாகப் பேசினாலும் பதிலுக்குப் பேசாமல், கடிதத்தை மட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள். அவர் வழக்கறிஞரிடமிருந்து அடுத்த கடிதம் வந்தால், அதற்கு நீங்களாகப் பதில் எழுதாமல் உள்ளூர் சொலிசிட்டர் ஒருவரிடம் எல்லாத் தாள்களையும் படங்களையும் எடுத்துக்கொண்டு போங்கள்.